மாமா வீட்டு ஹாலுக்கு எது: கம்ப்யூட்டரா, கேம் பெட்டியா?

"மடியில இன்னாப்பா?"

கீழ்புத்துப்பட்டு செக்போஸ்ட்டில் பஸ் நின்றிருந்தது. பாண்டிச்சேரியிலிருந்து வரும் பஸ்களில் ஏறி மது பாட்டில் தேடுவது அங்கே வழக்கம். ஏறிய போலீஸ்காரர் என் மடியிலிருந்த தகரப் பெட்டியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் சார். சிபியு."

"காலாண்ட இருக்கறது?"

"அதோட மானிட்டர் சார்."

தோளில் தொங்கிய துணிப்பையைத் தொட்டார். உள்ளே எதுவோ ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டது. அவர் முகம் பிரகாசமாகிவிட்டது. பையை வாங்கிக் கையை விட்டார். பாட்டில் வரவில்லை. கறுப்பாக ஒரு பெட்டியும், வால் போல நீண்ட வயர் சுற்றிய இரண்டு கைப்பிடிகளும் வந்தன.

"இது இன்னா?"

"டி.வி.ல மாட்டி கேம் ஆடறது சார். கன்சோல்னு சொல்வாங்க."

"ஏன், கம்ப்யூட்டர்ல கேம் ஆட முடியாதா?"

"ஆடலாம் சார்."

"அப்புறம் இன்னாத்துக்கு ரெண்டு?"

"எது வாங்கறதுன்னு தெரியல சார். ரெண்டையும் வீட்ல வெச்சுப் பாத்துட்டு ஒண்ணத் திருப்பிக் குடுத்துடுவேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எதிர் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்லயும் இதே ரகளதான்பா. பையன் இது வேணும்ங்கறான். அவங்கம்மா கம்ப்யூட்டர் வாங்குங்கறா. நீ சொல்லு, எது நல்லது?"

"சார், டைம் ஆவுது சார்" என்று கண்டக்டர் பின்னாலிருந்து கத்தினார்.

"கம்ப்யூட்டரே வாங்குங்க சார். படிப்புக்கும் ஆவும்" என்றேன், அந்தத் துறையில் எல்லாம் தெரிந்தவன் போல.

அவர் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் சாயங்காலத்துக்குள் நான் அந்தப் பதிலை மாற்றிக்கொண்டேன். அவரைத் தேடிப் போய்ச் சொல்லத்தான் முடியவில்லை. இதைப் படிக்கிறவராக இருந்தால், மன்னித்துக்கொள்ளுங்கள் சார்.

"பையன் படிக்கத்தான்"

பாண்டிச்சேரியில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் கடையில் நான் வேலை பார்த்ததைப் பற்றி முன்பே சில வாரங்கள் எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: ஸ்குரூ டிரைவரும் தூசி தட்டும் பிரஷ்ஷுமாக, பகல் முழுக்கப் பெட்டிகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு இருபத்து நான்கு வயதிருக்கும்.

கடைக்கு வருகிற அப்பாக்கள் எல்லோரும் ஒரே வசனத்தைச் சொல்வார்கள். "பையன் படிக்கத்தான்." பக்கத்தில் பையன் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். நான் விலைப்பட்டியலை எழுதி முடித்ததும், அப்பா பின்தங்கி நின்று மெதுவாகக் கேட்பார்: "இதுல இந்த கார் ரேஸ்லாம் ஓடுமா?"

அவருக்குத்தான் ஆட ஆசை. படிப்பு என்று சொன்னால்தான் வீட்டுக்குள் எடுத்துப் போக முடியும்.

கன்சோலுக்கு அந்த வசதி கிடையாது. அதை எந்தப் படிப்போடும் ஒட்டவைக்க முடியாது. விளையாட மட்டுமே செய்யும் என்று ஒப்புக்கொண்டுதான் வாங்க வேண்டும். அதனால் எங்கள் ஷோகேஸில் ஒரே ஒரு கன்சோல்தான் இருந்தது. யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, வேண்டாமென்று விற்றுவிட்டுப் போனது. வருகிறவர்கள் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், போய்விடுவார்கள்.

நானும் அதை மதித்ததில்லை. பெட்டியைத் திறந்து எதையும் மாற்ற முடியாது, ஒரு ராம் மெமரி கூடச் சேர்க்க முடியாது என்றால் மெக்கானிக்குக்கு அதன் மேல் என்ன மரியாதை வரும்?

கரைந்துபோன லோடு

என் அக்கா வசந்தாவை மரக்காணத்தில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாமா பெயர் ஏழுமலை. உப்பு லாரி டிரைவர். உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனம், விழுப்புரம், சில சமயம் அதற்கும் மேலே போவார்.

நான் எட்டாவது படிக்கும்போது ஒரு லீவில் என்னை சென்னைக்கு லாரியில் அழைத்துப் போனார். எஞ்சின் மூடி மேல் சாக்கை மடித்துப் போட்டு உட்காரவைத்தார். தொடை சுட்டது. ஆனாலும் இறங்க மனசில்லை. இரண்டு விரலால் ஸ்டீயரிங்கைத் தொட்டுக்கொண்டு, முழு லோடு வண்டியை மாட்டு வண்டிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே நுழைத்து எடுத்துக்கொண்டு போவார். எதிரே வரும் டிரைவர்கள் எல்லாம் அவரைப் பார்த்துக் கையைத் தூக்குவார்கள். ஊரில் நல்லது கெட்டது எதுவானாலும் "ஏழுமல வண்டி எடுத்தா போதும்" என்பார்கள்.

சுனாமியில் கடல் உள்ளே வந்த மார்கழிக்கு அடுத்த வருஷம், ஐப்பசி மழையில் விபத்து நடந்தது.

திண்டிவனத்தில் பாதி லோடு இறக்கிவிட்டு, மீதியோடு பாண்டி ரோட்டில் வந்துகொண்டிருந்தார். கிளியனூர் பக்கம். பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது. பால் கேனோடு சைக்கிளில் ஒருவர் குறுக்கே வந்துவிட்டார். மாமா ஸ்டீயரிங்கை ஒடித்தார். சைக்கிள்காரருக்கு ஒரு கீறல் இல்லை. லாரி மட்டும் ரோட்டைவிட்டு இறங்கி வயலில் சாய்ந்தது.

கேபின் நசுங்கி மாமாவின் வலது தொடையைப் பிடித்துக்கொண்டது. வெளியே எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரமும் மழை. கிழிந்த மூட்டைகளிலிருந்து உப்பு கரைந்து, வெள்ளையாக வாய்க்காலில் ஓடியதைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். முதலில் ஓடிவந்து அவர் தலையைத் தாங்கிப் பிடித்தவர் அந்த வயலுக்குச் சொந்தக்காரர். தன் நாற்றின் மேல் உப்புத் தண்ணீர் பாய்வதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

தொடை எலும்பில் கம்பி வைத்தார்கள். ஆறு மாதம் காலைத் தொங்கவிடக் கூடாது, நீட்டியே வைத்திருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து அக்கா

மாசி மாதம் ஒரு நாள் கடைக்கு போன் வந்தது.

"டேய் பாபு, உங்க மாமா பேசவே மாட்டேங்கறாருடா."

"வலிக்குதா?"

"வலின்னாலும் சொல்ல மாட்டேங்கறாரு. சோறு வேணுமான்னா ம். தண்ணி வேணுமான்னா ம். பிரியா பக்கத்துல போய் உக்காந்தா கூட செவுத்தப் பாத்துட்டு இருக்காரு. பாக்க வர்றவங்க எல்லாம் சீக்கிரம் எழுந்து வா, உன் வண்டி உனக்காக நிக்குதுன்னு சொல்லிட்டுப் போறாங்க. அதுக்கும் ம். ஏதாச்சும் பண்ணுடா. நீதான் படிச்சவனாச்சே."

நான் படித்தது டிப்ளமோ. அதற்காக அக்கா என் மேல் வைத்திருந்த நம்பிக்கை மிகப் பெரியது.

அன்று முழுக்க யோசித்தேன். முடிவு சுலபமாக வந்தது. ஓட்டிப் பழகிய மனுஷன், ஓட்ட முடியாமல் கிடக்கிறார். கட்டிலில் படுத்தபடியே ஓட்டவைத்தால் சரியாகிவிடுவார். கம்ப்யூட்டரில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றை அப்போது கடையில் எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். கேபினுக்குள் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும்.

கடை முதலாளி ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்தார். கூடவே ஷோகேஸில் தூங்கிய கன்சோலையும் எடுத்து நீட்டினார். "இதையும் எடுத்துட்டுப் போய்ப் பாருப்பா. எது செட் ஆவுதோ அத வெச்சுக்கோ." எனக்கு அது வீண் சுமையாகத்தான் பட்டது.

சனிக்கிழமை: கம்ப்யூட்டர்

அக்கா வீட்டு ஹால் சின்னது. ஒரு சுவரை ஒட்டிக் கட்டில். எதிர்ச் சுவரில் டி.வி. ஸ்டாண்டு. நடுவில் இரண்டு பாய் விரிக்கலாம். மாமா முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்து, "வா மச்சான்" என்றார். அவ்வளவுதான்.

முதலில் கம்ப்யூட்டரை டி.வி.யோடு இணைத்துப் பார்த்தேன். அதற்கான ஓட்டை கம்ப்யூட்டரின் டிஸ்ப்ளே கார்டில் இருந்தது. படம் வந்தது. எழுத்துதான் மழையில் நனைந்த கோலம் போல ஒன்றோடொன்று இழுத்துக்கொண்டு வந்தது. அதைக் கழற்றிவிட்டு மானிட்டரை எடுத்தேன்.

மானிட்டரை எங்கே வைப்பது? மேஜையில் வைத்தால் மாமா மேஜைக்கு வர வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தொங்கும். டீப்பாயைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்தி அதன் மேல் வைத்தோம். அவர் கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. கீபோர்டு வயிற்றின் மேல். மவுஸுக்கு இடமில்லை. நாலாவது படிக்கும் பிரியா தன் பரீட்சை அட்டையைக் கொண்டுவந்து அவர் தொடைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நான் எப்ப ஆடறது மாமா?" என்று என்னைக் கேட்டாள்.

"அப்பா ஆடி முடிச்சதும்."

"ரெண்டு பேரும் சேர்ந்து ஆட முடியாதா?"

"இதுல ஒருத்தர்தான்."

அவள் கட்டிலின் தலைமாட்டில் ஏறி, அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சலிப்பு வந்து வெளியே ஓடிவிட்டாள்.

விளையாட்டைப் போட்டேன். கேபின், ஸ்டீயரிங், நீளமான ரோடு. மாமாவின் விரலை எடுத்து அம்புக்குறிகள் மேல் வைத்தேன். வண்டி நகர்ந்தது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ வெளிச்சம் வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

திரையில் மழை ஆரம்பித்தது. வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது.

மாமா கீபோர்டிலிருந்து கையை எடுத்து லுங்கியில் துடைத்தார். மறுபடி வைத்தார். மறுபடி துடைத்தார். "தல வலிக்குதுப்பா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சரியாக அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. திரும்பி வந்ததும் கம்ப்யூட்டர் நீல நிறத்தில் தன்னைத் தானே பரிசோதித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தது.

கழுத்துத் திருப்பியதில் வந்த தலைவலி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். திரை சின்னது, இடம் சரியில்லை, யு.பி.எஸ். கொண்டுவராதது என் தப்பு. இப்படித்தான் கணக்குப் போட்டேன். ஒரு மெக்கானிக்குக்குக் கோளாறு எப்போதும் மெஷினில்தான் தெரியும்.

உப்புக்காற்று பற்றிக் கொஞ்சம்

இங்கே ஒரு தொழில் ரகசியம் சொல்லிவிடுகிறேன். ரிப்பேருக்கு வருகிற கம்ப்யூட்டர் மரக்காணத்துப் பக்கத்திலிருந்து வந்ததா, இரும்பை கிராமம் மாதிரி கடலைவிட்டு உள்ளே தள்ளிய ஊரிலிருந்து வந்ததா என்று மூடியைத் திறந்ததுமே சொல்லிவிடுவேன். அளத்துக் காற்று பட்ட பெட்டியில் ஸ்குரூ தலைகள் சிவந்திருக்கும். போர்டின் ஓரங்களில் பச்சையாகப் பூத்திருக்கும். ராமை எடுத்து அதன் பொன்னிறக் கால்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் திரும்பச் சொருகினால் உயிர் வரும். இரண்டு மாதம் ஓடும். மறுபடி வரும்.

அக்கா வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தந்தால், மாதத்துக்கு ஒருமுறை ரப்பரோடு நான் பஸ் ஏற வேண்டும். இதை நான் அறியாதவன் இல்லை. தெரிந்தே கம்ப்யூட்டர் கட்சியில் இருந்தேன். வாங்கித் தருவது பெருமையாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம். "எங்க தம்பி கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தான்" என்று அக்கா நாலு பேரிடம் சொல்லலாம். "கேம் பெட்டி வாங்கிக் குடுத்தான்" என்று சொன்னால் யார் மதிப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை: கேம் பெட்டி

மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கன்சோலை எடுத்தேன். டி.வி.க்குப் பின்னால் மூன்று வயர்: மஞ்சள், சிவப்பு, வெள்ளை. ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. ஒரு கைப்பிடியின் வயரைக் கட்டில் வரைக்கும் இழுத்தேன். எட்டியது. மாமா இருந்த இடத்தைவிட்டு அசைய வேண்டியிருக்கவில்லை. தலையணையில் சாய்ந்தபடி நேராகப் பார்த்தால் டி.வி. இன்னொன்றைப் பிரியா பிடுங்கிக்கொண்டு, கட்டிலை ஒட்டிப் பாயில் உட்கார்ந்துகொண்டாள். அவள் தலை அப்பாவின் கைக்குப் பக்கத்தில் இருந்தது.

கார் ரேஸ் போட்டேன். திரை இரண்டாகப் பிரிந்தது. மேல் பாதி மாமாவுக்கு, கீழ்ப் பாதி பிரியாவுக்கு.

பிரியாவின் கார் பாய்ந்து போய் வேலியில் முட்டி, திரும்பி, மறுபடி முட்டியது. அவள் காரோடு சேர்ந்து தானும் சாய்ந்தாள். மாமாவின் கார் மெதுவாக நகர்ந்தது. வளைவு ஒன்று வந்தது. கடலோரம். அவர் காரை நிதானமாக ஓரம் கட்டி நிறுத்தினார்.

"அப்பா, அமுத்துப்பா! எல்லாரும் போறாங்க பாரு!"

"போவட்டும்மா."

"நீ தோத்துடுவ!"

"தோத்தா இன்னா? இங்கயே நிக்கட்டும். நல்லா இருக்குது."

கீழ்ப் பாதியில் ரோடு பறந்துகொண்டிருந்தது. மேல் பாதியில் ஒன்றுமே நடக்கவில்லை. புல், வானம், தூரத்தில் தண்ணீர். மற்ற கார்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. மாமா பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் அவ்வளவு இளகி நான் பார்த்து வெகு நாளாயிருந்தது.

எனக்குப் புரியவில்லை. "மாமா, அந்த எக்ஸ் பட்டன அமுத்திட்டே இருந்தா போதும், வண்டி போவும்" என்றேன்.

"தெரியுதுப்பா. எனக்குத்தான் அமுத்த இஷ்டமில்ல."

கைப்பிடியை மடியில் வைத்தார். "மச்சான், உங்க அக்காவக் கூப்பிடு."

அக்கா பின்பக்கம் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கையில் செதிலோடு வந்து கதவோரம் நின்றாள். "இன்னாங்க, கால் வலிக்குதா?"

"வசந்தா, நான் இனிமே வண்டி ஓட்டல."

அக்கா கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"கால் சேர்ந்தாலும் ஓட்டல. அந்த சீட்ல உக்கார்றத நெனச்சாலே உள்ளங்கை ஈரமாவுது. நேத்து அந்தக் கம்ப்யூட்டர்ல மழ பேஞ்சப்பவே தெரிஞ்சுபோச்சு, நம்மால முடியாதுன்னு. வர்றவன் எல்லாம் எழுந்து வா, எழுந்து வான்றான். நீயும் அதத்தான் எதிர்பாக்கறன்னு… எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எனக்கு வேற வேலயும் தெரியாது."

அவ்வளவு பேச்சை அவர் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதே இல்லை. லாரி விளையாட்டைக் கொண்டுவந்து அவர் வயிற்றின் மேல் வைத்தவன் நான்தானே.

அக்கா அப்படியே கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். மீன் கையைப் புடவையில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நானாங்க எதிர்பாத்தேன்?" என்றாள். "நீங்க லோடு எடுத்துட்டுப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காதுங்க. இன்னிக்கு நேத்து இல்ல. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து."

மாமா அவளையே பார்த்தார். "பதினோரு வருஷமாவா?"

"பதினோரு வருஷமா."

"சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? வண்டிதான் உங்க உசுருன்னு ஊரே சொல்லுது. கால் ஒடஞ்சு கிடக்கறப்ப, வேணாம் உட்டுடுங்கன்னு சொன்னா உங்க மனசும் ஒடஞ்சுடும்னு வாய மூடிட்டு இருந்தேன். நீங்க மட்டும் சொன்னீங்களா?"

முதலில் சிரித்தது மாமாதான். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள், முழங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

"இன்னொரு ரேஸ் போடட்டா, வேணாமா?" என்று பிரியா அதட்டினாள்.

"ரேஸ் வேணாம்மா. கிரிக்கெட் இருந்தா போடு" என்றார் மாமா.

எதைத் தேர்ந்தெடுத்தோம்

கம்ப்யூட்டரை மறுபடி டப்பாவில் கட்டிவைத்தேன். அதைக் குறை சொல்ல மாட்டேன். பிறகு என் சோறே பல வருஷம் அதில்தான் வந்தது. ஆனால் அது ஒருவர் உட்காரும் மெஷின். உட்கார்ந்தவரின் முதுகுதான் வீட்டுக்குத் தெரியும். கட்டிலில் கிடப்பவரும் பாயில் இருப்பவரும் ஒரே பக்கம் பார்த்து, ஒரே நேரத்தில் கூச்சல் போட, அந்த ஹாலுக்கு மற்றதுதான் சரி. கரண்ட் போய் வந்தால் பட்டனை அமுக்கினால் போதும். பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை, வீட்டுக்கு வேண்டியது இருக்கிறது.

உப்புக்காற்று அதையும் விடவில்லை. மூன்று வருஷம் கழித்து சிடி சுற்றாமல் போனது. அதற்குள் பிரியா அதை ஆடி முடித்துவிட்டாள்.

முதலாளி வந்தார்

அடுத்த ஞாயிறும் நான் மரக்காணம் போயிருந்தேன். இன்னொரு பயம் மிச்சம் இருந்தது. லாரி முதலாளி ராஜாராமுக்குச் சொல்ல வேண்டும். விபத்து நடந்த நாளிலிருந்து அவர்தான் ஆஸ்பத்திரிச் செலவையும் வீட்டுச் செலவையும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவரிடம் "இனி வரமாட்டேன்" என்று எப்படிச் சொல்வது? மாமா அந்த வாரம் முழுக்க அக்காவிடம் ஒத்திகை பார்த்திருந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு, சாத்துக்குடிப் பையோடு அவரே வந்தார். மாமா கைப்பிடியைக் கீழே வைத்தார். ஒத்திகை பார்த்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அண்ணே, வண்டிய வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க. நான் இனிமே ஓட்டல."

ராஜாராம் நாற்காலியில் உட்கார்ந்து மாமாவையே பார்த்தார். அக்கா காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"நெஜமாவா சொல்ற?"

"நெஜமாண்ணே."

"அடப்பாவி!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். "வேற ஆள் போட்டா நீ மனசு ஒடஞ்சு போயிடுவியேன்னு, வண்டிய ரெடி பண்ணி ரெண்டு மாசமா ஷெட்ல நிறுத்தி வெச்சிருக்கேன்யா. வா, வான்னு உன்னக் கூப்டதே நீ தெம்பா இருக்கணும்னுதான். அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"நீங்க கோச்சுக்குவீங்கன்னு…"

"நான் எதுக்குக் கோச்சுக்கப் போறேன்? நம்ம எட மேடையில இருக்கற ஆளு சொந்த ஊருக்குப் போறேன்றான். லோடு வண்டி வந்தா எட போட்டுச் சீட்டு எழுதணும். உக்காந்த வேல. எந்த வண்டியில எவ்ளோ ஏத்தியிருக்கான்னு உன்னவிட எவனுக்குத் தெரியும்? கால் சரியானதும் வந்து உக்காரு."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலாளி அதைப் பார்க்காத மாதிரி டி.வி. பக்கம் திரும்பினார்.

"இது இன்னா, மேட்ச்சா? யார் ஜெயிக்கறாங்க?"

"நான்" என்றாள் பிரியா.

அவரும் ஒரு ஓவர் ஆடினார். மூன்று பந்தில் மூன்று விக்கெட் போனது. எந்த பட்டன் எதற்கு என்று கடைசி வரைக்கும் அவருக்குப் பிடிபடவில்லை. "இதுக்கு உப்பு விக்கறதே மேல்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அக்கா டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். "அஞ்சு நிமிஷம் சாயறேன்டா" என்று எங்களுக்கு நடுவே பாயில் படுத்தாள். தலைக்கு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. பிரியா அவள் காதுக்குப் பக்கத்திலேயே "அவுட்! அவுட்!" என்று கத்தினாள். அக்காவிடம் அசைவில்லை. அப்படி அடித்துப் போட்ட மாதிரி ஒரு தூக்கத்தை நான் அவளிடம் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாமா கட்டிலிலிருந்து குனிந்து பார்த்தார். உதட்டில் விரலை வைத்துப் பிரியாவுக்குச் சைகை காட்டினார். அவள் முழங்காலில் நகர்ந்து போய் டி.வி. சத்தத்தை மொத்தமாகக் குறைத்தாள்.

பாண்டிக்கு நாலரை பஸ் போய்விட்டது. நான் எழுந்திருக்கவில்லை. அப்பாவும் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு ஆடினார்கள். விக்கெட் விழும்போதெல்லாம் மாமா சத்தம் வராமல் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினார். வெயில் இறங்கும் வரைக்கும் அக்கா தூங்கினாள்.